ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் டிக்கெற்

2004 ஓகஸ்ட் மாதம், கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஓர் இந்தியக் கப்பல் நங்கூரத்தை இறக்கியது. கப்பலின் பெயர் 'ஸ்டேட் ஒஃப் நாகாலாந்து'. இந்திய வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாகாலாந்துக்குக் கடல் கிடையாது. கடலையே காணாத மாநிலத்தின் பெயரைத் தூக்கிக் கப்பலுக்கு வைத்தால், எங்கே எதைப் போடுவது என்று அது தடுமாறத்தானே செய்யும்? நங்கூரம் போய் விழுந்தது கடலடிக் கேபிளின் மேல். நாட்டின் இன்டர்நெற்றும் வெளிநாட்டுத் தொலைபேசியும் படுத்துவிட்டன. இந்தியக் கரையிலிருந்து முன்னொரு காலத்தில் வந்தவர்கள் வாலும் கல்லுமாகப் பாலம் கட்டி எங்களை இணைத்தார்கள் என்பது புராணம். இந்தமுறை வந்தவர் இருந்ததையும் அறுத்துவிட்டார்.

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் கொமியூனிகேஷன் கடைகள் இருந்த காலம் அது. லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் சூரிச்சுக்கும் கோல் எடுக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று வியர்த்த காலம். ஓகஸ்ட் என்றால் நல்லூர்க் காலம். வெளிநாட்டு உறவினர் வருவார், வராதவர் காசு அனுப்புவார், அனுப்பியதைச் சொல்லக் கோல் எடுப்பார். அப்படிப்பட்ட நேரத்தில் லைன் செத்தால் சந்தேகப் பட்டியல் தானாகவே எழுந்துவிடும். முதலில் மொடெம். அடுத்தது பக்கத்துக் கடைக்காரரின் கண்ணூறு. அதற்கடுத்தது அரசாங்கம், அது எந்தப் பட்டியலிலும் நிரந்தர உறுப்பினர். இவ்வளவு பேரையும் ஏசி முடித்த பிறகுதான் கடல் என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வரும். கொட்டாஞ்சேனையில் ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்று மேற்கே பார்த்திருந்தால், அந்தப் பக்கம்தான் குற்றவாளி நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தார்.

அறுந்த இடம் எது என்று கண்டுபிடிக்கும் கலைக்கு இந்தக் கரையோரத்தில் நீண்ட வரலாறு உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை. படிப்பித்திருந்தால் வரலாற்றுப் பாடத்தில் இன்னும் நாலு பேர் பாஸ் பண்ணியிருப்பார்கள்.

1850இல் ஆரம்பிக்கலாம். ஐரோப்பாவின் செய்தியெல்லாம் அப்போது கப்பலில் காலித் துறைமுகத்துக்கு வரும். கொழும்பில் பெரிய கப்பல் நிற்க ஒழுங்கான துறைமுகம் இல்லை. 'ஒப்சேர்வர்' பத்திரிகைக்காரருக்குப் பொறுமை இல்லை. குதிரைத் தபால் வந்து சேர்வதற்குள் செய்தி பழங்கஞ்சியாகிவிடும். ஆகவே புறா வளர்த்தார்கள். காலியில் கப்பல் வந்ததும் ஆள் ஓடிப்போய்ச் செய்தியை வாங்கி, மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதி, புறாவின் காலில் கட்டி விடுவார். புறா கரையோரமாகப் பறந்து, கல்கிசையைத் தாண்டி, வெள்ளவத்தையைத் தாண்டி, கோட்டைக்கு வந்து சேரும். இடையில் கிரைமியா யுத்தமும் வந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தியும் விக்டோரியா மகாராணியும் கட்டிப் புரண்ட சண்டையின் முடிவு ஒரு பறவையின் காலில் தொங்கிக்கொண்டு எங்கள் தென்னந்தோப்புகளுக்கு மேலாகப் போயிருக்கிறது. கீழே கள் இறக்கிக்கொண்டிருந்தவருக்கு அது வெறும் புறா.

புறா வந்தால் செய்தி. வராவிட்டால்? பருந்து பிடித்ததா, மழையில் ஒதுங்கியதா, வழியில் வேறு புறாவைக் கண்டு மனம் மாறியதா, ஒருவருக்கும் தெரியாது. காலிக்காரர் அனுப்பினேன் என்பார், கொழும்புக்காரர் வரவில்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வலையமைப்புத் துறையின் ஆதிச் சண்டை இதுதான், இன்றுவரை ஓயவில்லை.

1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி வந்தது, புறாக்கள் ஓய்வு பெற்றன. பென்சன் கொடுத்ததாகப் பதிவு இல்லை. கம்பியில் ஒரு வசதி, அது அறுந்தால் அறுந்த இடம் அசையாமல் அங்கேயே கிடக்கும். கரையில் இருந்தபடியே மின்தடையை அளந்து, இத்தனை மைலுக்கு அப்பால் கோளாறு என்று கணக்குப் போட அந்த நூற்றாண்டிலேயே பழகிவிட்டார்கள். இன்று கண்ணாடி இழையில் ஒளித்துடிப்பை விட்டு, திரும்பி வரும் எதிரொளிக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளந்து அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கணக்குச் சொன்ன இடத்துக்குக் கப்பல் போய், கொளுக்கியை இறக்கி, கடலைத் துழாவி, அறுந்த முனையை மேலே தூக்கி ஒட்டும். அதாவது ஒரு கப்பல் கொளுக்கி போட்டு அறுத்ததை இன்னொரு கப்பல் கொளுக்கி போட்டுத்தான் திருத்துகிறது.

ஆனால் வெள்ளவத்தைக் கடைக்காரரிடம் கப்பலா இருக்கிறது? அவரிடம் இருப்பது ஒரு கீபோர்ட். அதை வைத்துக்கொண்டு எங்கே அறுந்தது என்று பார்க்கும் வித்தை அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. அதுவும் எரிச்சலில் பிறந்த வித்தை.

1981இல் ஜொன் போஸ்ரல் என்ற தாடிக்காரர் இன்டர்நெற்றில் துண்டு துண்டாகப் போகும் செய்திப் பொதிக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு பொதியின் நெற்றியிலும் ஓர் ஆயுள் எண் இருக்கும். உச்ச ஆயுள் 255. சட்டப்படி அது செக்கன் கணக்கு; ஆனால் வழியில் எந்த ரவுட்டர் தொட்டாலும் குறைந்தது ஒன்றையாவது குறைத்தே தீரவேண்டும். பிறகு செக்கனை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ரவுட்டர் எண்ணிக்கை மட்டும் நிலைத்துவிட்டது. ஆயுள் பூச்சியமானால் பொதியைக் கொன்றுவிடவேண்டும், அனுப்பியவருக்கு மரண அறிவித்தலும் போடலாம். எங்கள் பத்திரிகைகளில் வருவதைப்போல முழுப்பக்கம் இல்லை. யார் கொன்றது என்ற முகவரியோடு சிறு துண்டு, அவ்வளவுதான். வழி தெரியாத பொதிகள் இரண்டு ரவுட்டருக்கு இடையில் யுகம் யுகமாகச் சுற்றக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. பிறவிச் சுழற்சியை நிறுத்துவதற்கு எங்கள் சித்தாந்திகள் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். போஸ்ரல் எட்டு பிற்றில் முடித்துவிட்டார்.

1983 டிசெம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் ஒரே மாலைப்பொழுதில் 'பிங்' எழுதினார். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயர். பொதி ஒன்றை அனுப்பு, அது திரும்பி வந்தால் அங்கே ஆள் இருக்கிறார். பிறகு இன்னொரு வலையமைப்பு நிர்வாகி அதை வைத்துச் செய்த கூத்துத்தான் எனக்குப் பிடித்தது. அவருடைய கட்டடத்து வலையமைப்பில் எங்கோ ஒரு இணைப்பு ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பதில் வரும்போதும் கணினி வாய்விட்டு 'பிங்' என்று சொல்லும்படி செய்து, சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து திரிந்து ஒவ்வொரு கேபிள் முனையாக ஆட்டிப் பார்த்தார். சத்தம் நிற்கும் இடத்தில் கள்ளன். பேயோட்டுபவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அவர்களுக்கு யாரும் கணினி கொடுக்கவில்லை.

பிங் சொல்வது இரண்டே சொல்: இருக்கிறார், இல்லை. இல்லை என்றால் எங்கே இல்லை? 1986இல் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இந்தக் கேள்வி முற்றியது. இரண்டுக்கும் நடுவில் 400 யார் தூரம். நெரிசல் தாங்காமல் அந்தப் பாதையின் வேகம் செக்கனுக்கு 32,000 பிற்றிலிருந்து 40 பிற்றுக்கு விழுந்தது. எழுந்து நடந்து போனாலும் அதற்குள் முதல் பக்கம் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த ஆய்வுகூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் நெரிசலுக்கு வைத்தியம் கண்டுபிடித்தார்; இன்றைய இன்டர்நெற் நிற்பதே அந்த வைத்தியத்தில்தான். அதே கையோடு, ஸ்டீவ் டீரிங் என்பவர் சொன்ன ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு, 1988 டிசெம்பரில் 'ட்ரேஸ்ரூட்' எழுதி வெளியே விட்டார்.

யோசனை குறும்புத்தனமானது. போஸ்ரலின் மரண அறிவித்தலை வேண்டுமென்றே வரவழைப்பது.

கோட்டையில் இருந்து கல்கிசைக்குப் போகும் கரையோர ரயிலை வைத்துப் பார்த்தால் விளங்கும். நடுவில் என்னென்ன ஸ்டேஷன் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது என்று வையுங்கள். ஒரு பெடியனுக்கு ஒரேயொரு ஸ்டேஷன் போகிற டிக்கெற்றை வாங்கிக் கொடுத்து, கல்கிசைக்குப் போ என்று ஏற்றிவிடுகிறீர்கள். முதல் ஸ்டேஷனில் நிலைய அதிபர் அவனைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, உங்களுக்குக் கடிதம் போடுகிறார்: 'உங்கள் ஆள் டிக்கெற் முடிந்து இங்கே இறக்கப்பட்டார். இப்படிக்கு, செயலக நிலைய அதிபர்.' நல்லது, முதல் ஸ்டேஷன் தெரிந்துவிட்டது. அடுத்த பெடியனுக்கு இரண்டு ஸ்டேஷன் டிக்கெற். கொம்பனித்தெருவிலிருந்து கடிதம். மூன்று என்றால் கொள்ளுப்பிட்டி. பிறகு பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை. கல்கிசைக்கே போய்ச் சேருகிறவனிடம் அங்கே இல்லாத ஒரு வீட்டிலக்கத்தைக் கொடுத்துவிட்டிருப்பீர்கள். 'அப்படியொரு வீடு இங்கே கிடையாது' என்று கல்கிசையிலிருந்து ஏச்சுக் கடிதம் வரும். ஏச்சு வந்தால் வெற்றி. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மும்மூன்று பெடியன்கள். ஒவ்வொரு கடிதமும் வர எவ்வளவு நேரம் எடுத்ததென்று மில்லி செக்கனில் குறித்துக்கொள்ளவேண்டும். முப்பது ஸ்டேஷன் தாண்டியும் ஊர் வராவிட்டால் ஆசையை விட்டுவிடவேண்டும்.

கடிதம் வராத இடத்தில் திரையில் மூன்று நட்சத்திரம் விழும். மூன்று நட்சத்திரத்தைக் கண்டதும் தமிழன் குதிப்பான்: 'பிடிச்சிட்டன், இங்கதான் அறுந்திருக்கு!' அடுத்த வரியிலேயே அதற்கப்பால் உள்ள ரவுட்டர் கம்பீரமாகப் பதில் சொல்லியிருக்கும்; அதை அவன் பார்க்கமாட்டான். பம்பலப்பிட்டி நிலைய அதிபர் கடிதம் எழுதாத ஆள், அவ்வளவுதான். ரயில் நிற்கவில்லை. ரவுட்டரின் வேலை பொதிகளைத் தள்ளிவிடுவது. மரண அறிவித்தல் எழுதுவது ஓய்வு நேரத்தில். சில கொம்பனிகள் பாதுகாப்புக் கருதி எழுதவே வேண்டாம் என்று உத்தரவிட்டிருக்கும். நடுவில் ஒரு ரவுட்டர் 200 மில்லி செக்கன் காட்டி, அதற்கடுத்தது 40 காட்டினால், நடுவில் உள்ளது மெதுவான பாதை அல்ல, மெதுவாகக் கடிதம் எழுதுகிற ஆள். இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளாமல் எத்தனை அப்பாவி ரவுட்டர்களின் மேல் பழி விழுந்திருக்கிறது என்பதை எண்ணினால் நீதிமன்றமே வைக்கலாம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கடிதம் எந்தப் பாதையால் திரும்பி வந்தது என்று ட்ரேஸ்ரூட் சொல்லாது. போன வழி தெகிவளை என்றால் வந்த வழி அவிசாவளையாகவும் இருக்கலாம். போன பாதை சுத்தம், வந்த பாதையில் குழி. திரையில் பழி விழுவது போன பாதையின் மேல்.

2004இல் ஒருவர் கொழும்பிலிருந்து லண்டனுக்கு இதை ஓடவிட்டிருந்தால், கொழும்பின் கடைசி ரவுட்டர் வரை கடிதம் வந்திருக்கும். அதற்குப் பிறகு நட்சத்திரம், நட்சத்திரம், முப்பதாவது வரி வரைக்கும் நட்சத்திரம். பொதி ஊரை விட்டு வெளிக்கிடவில்லை என்பது மட்டும் தெரியும். நங்கூரம் தெரியாது, நாகாலாந்து தெரியாது. 2008 ஜனவரி 30இல் அலெக்ஸாந்திரியாவுக்குப் பக்கத்தில் இரண்டு கேபிள்கள் ஒரேயடியாக அறுந்து, இந்தியாவும் இலங்கையும் வளைகுடாவும் நொண்டியபோது உலகமே நங்கூரம் என்றது. எகிப்து அரசாங்கமோ அந்த நேரத்தில் அங்கே கப்பலே போகவில்லை என்றது. 2011இல் ஜோர்ஜியாவில் செம்புக் கம்பி தேடி மண் கிண்டிய 75 வயது மூதாட்டி ஒருவர் மண்வெட்டியால் ஆர்மேனியா நாட்டின் இன்டர்நெற்றையே நிறுத்தினார். அந்த அம்மாவையும் எந்த ட்ரேஸ்ரூட்டும் காட்டியிருக்காது.

காட்டாத விஷயங்களில் மிகப் பெரியது சுரங்கம். இதில் கல்கிசைக்கு உலகத்திலேயே முன்னுரிமை உண்டு.

1805இல் தேசாதிபதியாக வந்த தோமஸ் மெயிற்லண்ட், கல்கிசைக் கடற்கரையில் மாளிகை கட்டினார். கல்யாணம் செய்யாத மனுஷன். வரவேற்பு விருந்தில் ஆடிய லொவினா என்ற நடனக்காரியிடம் மனதைப் பறிகொடுத்தார் என்பது ஊர்க்கதை. பிரித்தானிய முடியின் பிரதிநிதி பகலில் ஆட்டக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதனால் மாளிகையின் வைன் நிலவறையிலிருந்து அந்தப் பெண்ணின் வீட்டுக் கிணறு வரைக்கும் சுரங்கம் வெட்டினாராம். மாளிகை இன்று ஹோட்டல். கதையை அவர்கள் தேத்தண்ணியோடு பரிமாறுகிறார்கள். இந்தப் பாதையில் ட்ரேஸ்ரூட் ஓடவிட்டால் என்ன வரும்? ஒன்று: வைன் நிலவறை. இரண்டு: கிணறு. நடுவில் மண், வேர், வௌவால், தேசாதிபதியின் முழங்கால் சிராய்ப்பு, ஒன்றும் வராது. வெளியே காவல் நின்ற சிப்பாயிடம் கேட்டால் துரை நித்திரை என்பான். பெரிய தொலைத்தொடர்புக் கொம்பனிகள் தங்கள் வலையமைப்புக்குள் பொதிகளுக்கு லேபல் ஒட்டி அனுப்பும் முறையும் பல இடங்களில் இதுதான். பத்து ரவுட்டரைத் தாண்டிப் போயிருக்கும்; ஆயுள் எண்ணை நடுவில் ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள். திரையில் நுழைந்த வாசலும் வெளியே வந்த வாசலும் மட்டும் அடுத்தடுத்து நிற்கும். கொழும்புக்கு அடுத்த ஸ்டேஷன் லண்டன் என்று பார்த்து மயங்குபவர் மெயிற்லண்டை நினைத்துக்கொள்ளவேண்டும்.

சுரங்கத்தின் இரண்டாவது உபயோகம் தடையைத் தாண்டுவது. 2007 ஜூனில் 'தமிழ்நெற்' செய்தித் தளம் இலங்கையில் திறக்காமல் போனது. அந்த வருஷம் எத்தனை வெள்ளவத்தைப் பெடியன்கள் ப்ரொக்ஸி என்றால் என்னவென்று படித்துத் தேறினார்கள் என்பதைக் கல்வி அமைச்சு கணக்கெடுத்திருந்தால் பெருமைப்பட்டிருக்கும். 2018 மார்ச்சில், கண்டி, திகன வன்செயலின்போது, ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மறுபடி. இப்படிப்பட்ட தடையில் ட்ரேஸ்ரூட் பல சமயம் கடைசி ஸ்டேஷன் வரை ஒழுங்காகக் காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. ரயில் ஓடுகிறது, ஆளை இறங்க விடுகிறார்கள் இல்லை. ஆச்சிமார்கூட வீபீஎன் என்ற மூன்றெழுத்தைச் சுத்தமாக உச்சரிக்கக் கற்றது அந்த வருஷங்களில்தான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதாரம் கவிழ்ந்து சனம் வீதிக்கு இறங்கிய நேரம், திரும்பவும் தடை. அன்றைக்கு அமைச்சர் நாமல் ராஜபக்ஷ, இந்தத் தடையெல்லாம் பிரயோசனமில்லை, தானே வீபீஎன் போட்டுத்தான் எழுதுகிறேன் என்று பகிரங்கமாக ட்விட்டரில் போட்டார். ஜனாதிபதி சித்தப்பா, பிரதமர் அப்பா, தடுத்தது அவர்களின் அரசாங்கம், சுரங்கத்துக்குள் ஊர்ந்தது அதே வீட்டுப் பிள்ளை. மெயிற்லண்ட் துரை குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது போனார்.

புறாக்களை விட்ட இடத்தில் ஒரு சின்னக் கடன் பாக்கி. 1990 ஏப்ரல் முதலாம் திகதி டேவிட் வைற்ஸ்மன் என்பவர் இன்டர்நெற் பொதிகளைப் பறவை மூலம் அனுப்பும் முறைக்குச் சட்டம் எழுதினார். திகதியைப் பார்த்தாலே பகிடி என்று விளங்கும். நோர்வேயின் பேர்கன் நகரத்தில் சில லினக்ஸ் பெடியன்களுக்கு அது விளங்கவில்லை, அல்லது விளங்கியும் விடவில்லை. 2001 ஏப்ரலில் உண்மையாகவே புறாவின் காலில் பொதியைச் சுற்றி பிங் பண்ணினார்கள். ஒன்பது போனது, நாலு வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட முதல் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் வரை. ஒப்சேர்வர்காரர் உயிரோடு இருந்திருந்தால், நூற்றைம்பது வருஷம் பிந்தி வந்து இதைத்தானா பெரிசாகச் சொல்கிறீர்கள் என்று ஓர் ஆசிரியத் தலையங்கம் எழுதியிருப்பார்.

இப்போது கல்கிசைக் கரைக்கு வாருங்கள். ஜேர்மனியில் கிளம்பி ஆசியாவைத் தொட்டு அவுஸ்திரேலியா வரை போன, சீ-மீ-வீ 3 என்ற 39,000 கிலோமீற்றர் கேபிள் கரையேறிய இடங்களில் ஒன்று இது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து நேராக இங்கே இன்னொரு கேபிள் வந்தது. பாரத் லங்கா என்று பெயர், நீளம் 325 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி போய் வர மூன்று மில்லி செக்கன் சொச்சம். அனுமார்கூட அவ்வளவு வேகமாகத் தாண்டவில்லை. ஆனால் கேபிள் கிடப்பது ஒன்று, கொம்பனிகள் ஒன்றோடொன்று கைகுலுக்குவது இன்னொன்று. பொதி கிட்டடிப் பாதையைத் தேடுவதில்லை. யாரோடு யாருக்கு ஒப்பந்தமோ அந்தப் பாதையால்தான் போகும். சம்பந்திகள் கதைக்காத வீட்டில் பந்தியில் உப்புக் கேட்பதற்கும் மூன்றாம் ஆள் வேண்டுமல்லவா. இரண்டு கொம்பனிகளுக்கு உள்ளூரில் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால், இரண்டு பேரும் சிங்கப்பூரில் ஒரு பொது நண்பரைப் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிற பொதி வங்காள விரிகுடாவைத் தாண்டி, சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு, அதே கடலைத் தாண்டித் திரும்பி வரும். பதிலும் அப்படியே. கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடுகிற வேகத்தில் ஓடினாலும் 50 மில்லி செக்கனுக்குக் குறையாது.

அப்படியொரு ட்ரேஸ்ரூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் ஒரு கொம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். மறுமுனையில் மரியாதையான பெடியன்.

"தம்பி, என்ர பொதி கொட்டாஞ்சேனைக்குப் போறதுக்குச் சிங்கப்பூர் போய் வருகுது."

"சேர், ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுறீங்களா?"

"பண்ணினா சிங்கப்பூர் கிட்ட வருமோ?"

கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது. யாரிடமோ சிங்களத்தில் ஏதோ விசாரித்தான். திரும்பி வந்தான்.

"சேர், சிங்கப்பூர்ல ஏதும் பிரச்சினை காட்டுதா?"

"இல்லைத் தம்பி, அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கொம்ப்ளெயினை குளோஸ் பண்ணட்டா சேர்?"